ஆர்ச்சிலிருந்து பதினோரு கம்பம்

ஆரோக்கியசெல்வியின் மேசைக்கு எதிரே வந்து உட்காருபவர்களுக்கு முதல் ஒரு நிமிடம் அவளைப் பிடிக்காது. கண்ணீரோடு வருவார்கள். அவள் நம்பர் கேட்பாள்.

"சர்வே நம்பர் சொல்லும்மா."

"என் ஊட்டுக்காரரு போய் ஒரு வருசம் ஆவுது தாயி..."

"அதையும் எழுதறேன். எந்த மாசம், எத்தினியாம் தேதி?"

விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு மடக்கு மேசை, இரண்டு ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு குடை. பதினாறு வருடமாக அவள் அங்கே மனு எழுதுகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றவள், கடைக்கு வந்தவர்களுக்குச் சும்மா எழுதிக் கொடுக்கப்போய் அதுவே தொழிலாகிவிட்டது. திங்கட்கிழமை மனு நாள். முகையூர்ப் பக்கமிருந்தும் மேல்மலையனூர்ப் பக்கமிருந்தும் ஜனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும். ஒரு மணிக்குள் உள்ளே கொடுத்தாக வேண்டும். ஒரு மனுவுக்கு எட்டு நிமிடம், அதற்கு மேல் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. யாரு, எங்க, எப்போ, கையில என்ன பேப்பர். இந்த நான்கையும் கறந்துவிட்டால் மனு தானாக நடக்கும் என்பாள். தெருவிளக்கு எரியவில்லை என்று யாராவது வந்தால், "கம்பம் நம்பர் இருக்குதா? இல்லன்னா ஊருக்குப் போய்ப் பாத்துக்கினு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். நம்பர் இல்லாத விளக்கு எந்த ஆபீஸிலும் எரியாது என்பது அவள் அனுபவம்.

ஊர்ப்பட்டவர்களின் களவையும் காணாமல் போனதையும் எழுதிய அந்தக் கை, சித்திரை மாதத்தில் தன் சொந்த வீட்டுக்கு ஒரு மனு எழுத வேண்டி வந்தது.

அவர்கள் குடியிருந்தது ரயிலடிக்குப் பின்னால், காளவாய்த் தெரு. ஒரு வருடமாகவே தெருவுக்குப் பெயர் கெட்டிருந்தது. முதலில் இரண்டு பைக் போனது. பிறகு பட்டப்பகலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர் வீட்டு கிருஷ்ணவேணியின் கழுத்துச் சங்கிலி போனது. அதற்கப்புறம் தெருப் பெண்கள் எல்லோரும் கவரிங்குக்கு மாறினார்கள். ஒருநாள் அதையும் அறுத்துக்கொண்டு போனவன் மறுநாள் காலையில் அதே தெருவில் வீசிவிட்டுப் போனான். "அவனுக்கு இருக்கற ரோசத்தைப் பாரு" என்று கிருஷ்ணவேணி சொல்ல, தெருவே சிரித்தது. சிரிக்க முடிந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆரோக்கியசெல்வியின் மகள் இசைவாணிக்குப் பத்தொன்பது வயது. நர்சிங் இரண்டாம் ஆண்டு. வார்டு டியூட்டி முடித்து பஸ் பிடித்து வீட்டுக்கு வர ஏழு ஆகும். அன்று தெருமுனையில் இரண்டு பேர் பைக்கில் வந்து தோள் பையைப் பிடித்து இழுத்தார்கள். பை வாரோடு அவளும் நாலடி தூரம் இழுபட்டுப் போய் விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்தது. போன் போனது, ஆறு மாதமாக எழுதிய ரெக்கார்டு நோட்டும் போனது. வீதியில் உட்கார்ந்தபடி அவள் கத்தினாள். இரண்டு பக்கமும் இருபத்திரண்டு வீடு. ஒரு கதவும் திறக்கவில்லை. பைக் போய், சத்தம் ஓய்ந்து, அவளே எழுந்து நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்று ராத்திரியே அதைப் போலீசுக்கு மனுவாக எழுதியது தாயின் கை.

"கேட்டுதுக்கா" என்றாள் கிருஷ்ணவேணி மறுநாள். "யாரோ குடிச்சிட்டு சண்டை போட்டுக்கறாங்கன்னு நெனச்சோம். இந்தத் தெருவுல எந்தச் சத்தத்துக்குன்னு எழுந்து வர்றது, சொல்லு?"

இதைக் கேட்ட நாளிலிருந்து ஆரோக்கியசெல்வி வீடு தேட ஆரம்பித்தாள். டவுனை விட்டு வெளியே, கோலியனூர் தாண்டி, வளவனூர் வரைக்கும். வீட்டுக்காரர்களில் பேரைக் கேட்பவர்கள் உண்டு, கேட்டதும் "சர்ச்சுக்குப் போறவங்களா?" என்பார்கள். "சொந்த ஊரு எது, ஊருல எந்தப் பக்கம் வீடு?" என்று மெல்ல நூல் பிடிப்பார்கள். மூன்று கதவுகள் அந்த நூலிலேயே மூடிக்கொண்டன. நாலாவதாக மருதம் நகரில் ஒரு வீடு வந்தது. கோகுலகிருஷ்ணன் என்ற பள்ளி ஆசிரியரின் சொந்த வீடு அது. திண்டிவனத்துக்கு மாற்றலாகி ஏற்கெனவே குடும்பத்தைக் கொண்டுபோய்விட்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி, "மாடித் தண்ணி டேங்க்கை நீங்களே கழுவிப்பீங்களாம்மா?"

"நாளைக்கேகூட கழுவறேன் சார்."

இரண்டு அறை, முன்னால் ஒரு கொய்யா மரம், மாடியில் நின்றால் புதுச்சேரி ரோட்டில் போகும் பஸ்ஸின் விளக்குகள். ஆரோக்கியசெல்வி அன்றைக்கே மனதுக்குள் குடியேறிவிட்டாள். பீரோ எந்தச் சுவர் என்பதுகூட முடிவாகிவிட்டது.

கணவன் தேவசகாயத்துக்கு மட்டும் மனசு வரவில்லை. அவன் திண்டிவனத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். காலையில் பாசஞ்சர் பிடிக்க ரயிலடிக்கு இங்கிருந்து ஐந்து நிமிட நடை.

"எனக்கு ரயிலு பேஜாராயிடும், அதை உடு" என்றான். "மல்லாட்டை வெளைஞ்ச கொல்லையில கல்லு நட்டு நகர்னு பேரு வச்சிட்டான். பாதி மனையில வீடே இல்ல. அங்க ஒரு கூப்பாடு போட்டா கேக்கறதுக்கு யாரு இருக்கா? இங்க கேட்டும் வரல, அங்க கேக்கவே ஆள் இல்ல. இன்னா வித்தியாசம்?"

வீட்டை அவள் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் எந்த ஊரும் நல்ல ஊர்தான். கோகுலகிருஷ்ணனோ கெடு வைத்துவிட்டார்: இன்னொரு குடும்பம் தயாராக நிற்கிறது, சனிக்கிழமை எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலையில் அவள் மகளிடம் சொன்னாள். "இன்னைக்கு டியூட்டி முடிச்சிட்டு வீட்டுக்கு வராத. புது பஸ் ஸ்டாண்டுல நில்லு, நானும் வர்றேன். நேரா மருதம் நகர். நீ தினமும் எப்படி எறங்கி நடக்கணுமோ அப்படி நடந்து பாத்துடுவோம்."

"வீட்டுக்காரரு கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணி எல்லா லைட்டையும் போட வெப்பாரு. சொல்லாம போனாத்தான் ஊரு எப்படி இருக்குதோ அப்படி இருக்கும்."

ஆறு நாற்பது பஸ். கோலியனூர் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. மனை விற்றவர்கள் ரோட்டோரம் கட்டி வைத்த பெரிய சிமெண்ட் வளைவில் 'மருதம் நகர் தங்களை வரவேற்கிறது' என்று எழுதியிருந்தது. ஸ்டாப்புக்கே ஆர்ச் என்றுதான் பெயர். இறங்கும்போது மணி ஏழு பன்னிரண்டு. மேற்கே கடைசி வெளிச்சமும் போயிருந்தது.

"நீ முன்னாடி போ. திரும்பிப் பாக்காத. நான் பத்தடி பின்னால வர்றேன்" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"நீ எதுக்கும்மா பின்னால?"

"உன் கூட நடந்தா எனக்கு உன் முகம்தான் தெரியும். பின்னால வந்தாத்தான் ரோடு தெரியும்."

இசைவாணி நடந்தாள். தாய் ஒரு கையில் போன் லைட்டும் இன்னொரு கையில் நோட்டுமாகப் பின்தொடர்ந்தாள். முதல் கம்பம் எரிகிறது. இரண்டாவது எரிகிறது. மூன்றாவது எரியவில்லை. நம்பரைப் பார்த்தாள். பெயிண்ட் உரிந்து ஒன்றுமே தெரியவில்லை. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அடுத்த கம்பத்துக்குப் போயிருப்பார்கள். ஆரோக்கியசெல்வியால் முடியவில்லை. பதினாறு வருடப் பழக்கம். பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸை எடுத்துக் கம்பத்தில் 3 என்று எழுதி, பளிச்சென்று தெரியட்டும் என்று அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டாள். நோட்டில் குறித்துக்கொண்டாள்: 'எண் 3, எரியவில்லை, எதிரில் நீல கேட் வீடு.'

நாலாவதும் அப்படியே. வட்டம். எதிரில் காலி மனை. ஐந்தாவது எரிந்தது. ஆறு, ஏழு, எட்டு மூன்றும் இருட்டு. இரண்டு பக்கமும் முள் மண்டிய மனைகள். முன்னால் போகும் மகள் நிழல் மாதிரித்தான் தெரிந்தாள். கத்தினால் யாருக்கும் கேட்காத இடம் இதுதான் என்று குறித்தாள். தேவசகாயம் சொன்னது சரி என்று தோன்றியது. எட்டாவது கம்பத்தில் அவள் வட்டத்தை முடிப்பதற்குள் விசில் கேட்டது.

ஒரே ஒரு விசில். நீளமாக.

இசைவாணி நின்றுவிட்டாள். இடது பக்க மாடியிலிருந்து இன்னொரு விசில். அடுத்த தெருவில் ஒன்று. பின்னால், ஆர்ச் பக்கமிருந்து ஒன்று. கேட்டுகள் தடதடவென்று திறந்தன. டார்ச் வெளிச்சம் நாலா பக்கமும் வீசியது. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள், லுங்கியை மடித்துக் கட்டியபடி ஆண்கள், ஒருத்தி கையில் தோசைக்கரண்டி. அடுப்பிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். ஒரு டி.வி.எஸ். வண்டி குறுக்கே வந்து நின்றது.

"மாட்னாங்கடி! அம்மாவும் பொண்ணுமா சேந்து கெளம்பியிருக்குதுங்க!"

வாட்டசாட்டமான ஒரு பெண் இசைவாணியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அந்த நகரில் மளிகைக்கடை வைத்திருக்கும் கலைமதி அவள் என்பது பிறகு தெரிந்தது.

"கைய உடுங்க! நர்சிங் படிக்கற பொண்ணு அது!" என்று ஆரோக்கியசெல்வி பாய்ந்தாள்.

"படிச்சவதான் இப்பல்லாம் நோட்டம் உட வர்றது. கம்பத்துல இன்னாடி எழுதுன? நானும் ஆர்ச்சுலேர்ந்து பாத்துக்கினேதான் வர்றேன். ஒவ்வொரு கம்பமா நின்னு நின்னு வட்டம் போட்டுக்கினு வர்ற."

டி.வி.எஸ்.ஸில் வந்த ஆனந்தராஜ் போனைத் தூக்கிக் காட்டினான். எங்கிருந்தோ சுற்றிச் சுற்றி வந்த ஒரு வாட்ஸ்அப் படம். திருடர்கள் சாக்பீஸில் போடும் குறிகளாம். "இத பாருங்க. வட்டம் போட்டா நகை இருக்குதுன்னு அர்த்தம். மொதல்ல கம்பத்துல கட்டுங்க ரெண்டு பேரையும், அப்புறம் பேசிக்கலாம்."

"எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார் ஒரு பெரியவர். கழுத்தில் கயிற்றோடு விசில் தொங்கியது.

"விழுப்புரங்க ஐயா."

"விழுப்புரத்துல எங்க?"

"காளவாய்த் தெரு."

கூட்டம் குபீரென்று எழும்பியது. "காளவாய்த் தெருவா! அங்கதானே தினமும் அறுத்துக்கினு போறானுங்க!"

"அதனாலதாங்க இங்க வர்றோம்!"

"பாத்தீங்களா? அங்க முடிச்சிட்டு இங்க வந்துட்டாங்க!"

யாரோ சிரித்தார்கள். ஆரோக்கியசெல்வி வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி கோகுலகிருஷ்ணனுக்கு போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் போட்டாள். அதே குரல். "டிராமா" என்றான் ஆனந்தராஜ். அவன் டி.வி.எஸ். பெட்டியிலிருந்து ஒரு நைலான் கயிறு வெளியே வந்தது.

கயிற்றைப் பார்த்ததும் அவள் மகளை ஒட்டி வந்து நின்றாள். அப்போதும் ஒரு காரியம் பழக்கதோஷத்தில் தானாக நடந்தது: கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம். முதல் விசிலிலிருந்து மூன்றே நிமிடம். தலையை எண்ணினாள். முப்பத்தி நாலு பேர்.

விசில் பெரியவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, இந்த லைட்டுங்களுக்கு நீங்க மனு போட்டீங்களா இல்லியா?"

"போடாமயா? மூணு தபா போட்டாச்சு."

"இன்னான்னு எழுதுனீங்க?"

"மருதம் நகரில் பல விளக்குகள் எரியவில்லைன்னுதான். வேற இன்னா எழுதறது?"

"எத்தினி? எது எது? எந்த வீட்டுக்கு எதிர்ல? ஒண்ணுத்துக்காவது நம்பர் போட்டீங்களா?"

பெரியவர் கலைமதியைப் பார்த்தார். கலைமதி ஆனந்தராஜைப் பார்த்தாள். எழுதியது அவன்தான் போலிருக்கிறது.

"கம்பத்துல நம்பரே இல்லியே" என்றான் அவன்.

"இல்லதான். அதனாலதான் நான் போட்டுக்கினு வர்றேன். ஆர்ச்சுலேர்ந்து கோகுலகிருஷ்ணன் சார் வீடு வரைக்கும் பதினோரு கம்பம் வரும். எட்டு வரைக்கும் பாத்துட்டேன். அஞ்சு எரியல. நான் மனு எழுதறவங்க. கலெக்டர் ஆபீஸ் எதிர்ல கொடைக்கடியில உக்காந்திருப்பேன்."

"மனு எழுதறவளா? யாரு வேணா சொல்லலாம்" என்றாள் தோசைக்கரண்டிக்காரி. "எழுதிக் காட்டு பாப்போம்."

"பேப்பர் இருக்குது. டார்ச்சை இப்படிப் புடிங்க. ஜல்தி. எல்லாரும் கிட்ட வாங்க. கையை மட்டும் உட்டுட்டு வாங்க."

கலைமதி கையை விட்டாள். மேசை இல்லை. "திரும்பி நில்லு பாப்பா" என்று மகளைக் குனிய வைத்து, அவள் முதுகின் மேல் நோட்டை வைத்து அதன் மேல் தாளை விரித்தாள். தாள் மேல் ஆறேழு டார்ச்சுகள் ஒன்றாக விழுந்தன.

பேனா ஓடியது. பெறுநர், பொருள், அம்மா வணக்கம். வாயில் கேள்வி, கையில் எழுத்து. "மொத்தம் எத்தினி வீடு? குடியிருக்கறது? பொழுது சாஞ்சப்புறம் வேலை முடிச்சு வர்ற பொம்பளைங்க எத்தினி பேரு?" ஆளுக்கொரு பக்கமிருந்து பதில் சொன்னார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதினேழு கை உயர்ந்தது. தங்களில் பதினேழு பேர் என்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. "கடைசியா எப்போ திருட்டு?" பங்குனி இருபத்தி ரெண்டு, போர் மோட்டார் ஒயர். "அதுக்கு முன்னால?" இசைவாணி குனிந்தபடியே, "அம்மா, கூசுதும்மா, அழுத்தாத" என்றாள். தோசைக்கரண்டிக்காரி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

ஏழு நிமிடம். அவள் வழக்கத்தைவிட ஒரு நிமிடம் குறைவு.

பெரியவர் வாங்கிப் படித்தார். சீனுவாசன், அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாப் பெயர்களைக் கூவிய அதே குரலில் மனுவைக் கூவினார். "கம்பம் எண் மூன்று, நீல கேட் வீட்டுக்கு எதிரில்! எண் நான்கு, காலி மனைக்கு எதிரில்! எண் ஆறு..." நீல கேட்டுக்காரர், "நம்ம வீடு!" என்று பெருமையாகத் தலையைத் தூக்கினார். படித்து முடித்த சீனுவாசன் விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார்.

"ரைட்" என்றார்.

ஒரு விசில் என்றால் எல்லோரும் வர வேண்டும், உள்ளே நுழைந்தவன் நிற்க வேண்டும். இரண்டு என்றால் போகலாம். பஸ்ஸில் இருந்ததை அப்படியே நகருக்குக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷன். வீட்டுக்கு ஒரு விசில் அவரே வாங்கிக் கொடுத்திருக்கிறார். தூரத்து மாடிகளிலிருந்து இரண்டு இரண்டாக விசில்கள் பதில் சொல்லின. இசைவாணி மணிக்கட்டைத் தேய்த்தபடி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் அடித்தது. மணி ஏழு ஐம்பது. கோகுலகிருஷ்ணன்.

"ரயில்ல இருந்தேன்மா, டவர் இல்ல. எட்டு ஆகப் போவுது. என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? அந்தப் பார்ட்டி லைன்ல நிக்கறாங்க."

கூட்டத்தில் எவளோ, "ஸ்பீக்கர்ல போடு" என்றாள். ஆரோக்கியசெல்வி போட்டாள். சற்று முன் கட்டிவைக்கத் தயாராக இருந்த முப்பத்தி நாலு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

வர்றோம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் மகள் மணிக்கட்டில் ஐந்து விரல் சிவப்பாகப் பதிந்திருப்பது அவள் கண்ணில் பட்டது. டி.வி.எஸ். சீட்டின் மேல் கயிறு சுருண்டு கிடந்தது.

"சார், அஞ்சு நிமிசம் லைன்ல இருங்க. கட் பண்ணாதீங்க."

"என்னம்மா அங்க கூட்டம்? எங்க இருக்கீங்க?"

அவள் பதில் சொல்லாமல் மகளின் கையைப் பிடித்து உயர்த்தினாள். "இத பாருங்க எல்லாரும். எனக்கு எழுதத் தெரிஞ்சுது, தப்பிச்சேன். நாளைக்கு இதே நேரத்துக்கு வேலை தேடி வந்த ஒரு இந்திக்காரப் பையன் வழி தெரியாம உள்ள வருவான். வாய் பேச வராத ஒருத்தர் வருவாரு. அவங்களுக்கு யாரு மனு எழுதுவா?"

"அப்போ திருடனுக்குப் பாய் போட்டுப் படுக்க வெக்கணுமா?" என்றான் ஆனந்தராஜ்.

"நிக்க வைங்க. சுத்தி நில்லுங்க. பேரைக் கேளுங்க, போலீசுக்கு போன் போடுங்க. கை வைக்காதீங்க, கயிறு எடுக்காதீங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"ஓடிட்டான்னா?"

சீனுவாசன் குறுக்கே வந்தார். "டேய், முப்பத்தோரு வருசம் பிக்பாக்கெட்டைப் புடிச்சவன் நான். பஸ்ஸுக்குள்ள ஒருத்தனையும் அடிக்க உட்டதில்ல. கதவைச் சாத்திட்டு பஸ்ஸை நேரா ஸ்டேசனுக்கு உடச் சொல்வேன். அந்தப் பொண்ணு சொல்றது கரெக்டு."

"சரி, இனிமே வெக்கல" என்றது கூட்டம்.

"எழுதிக் குடுங்க."

"இன்னாது?"

"எழுதறேன், கையெழுத்துப் போடுங்க. திரும்பு பாப்பா."

இரண்டாவது தாளில் நாலே வரி. முதல் கையெழுத்து சீனுவாசனுடையது. கலைமதி பேனாவை வாங்கிப் போட்டுவிட்டு, இசைவாணியின் கையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். "நான்தான் புடிச்சேன். அழுத்திட்டேன் பாப்பா. கடையில தேங்காண்ணெய் இருக்குது, வா." அவள் சொன்ன விதத்தில் அது மன்னிப்பா, கட்டளையா என்று புரியவில்லை. ஆனந்தராஜ் கடைசியாகப் போட்டான். போடுவதற்கு முன் கயிற்றைப் பெட்டிக்குள் தள்ளி மூடினான்.

போனில், "ஹலோ? ஹலோ?" என்று ஆசிரியர் கத்திக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியசெல்வி மகள் பக்கம் திரும்பினாள். "தினமும் நடக்கப் போறது நீ. எட்டு நிமிச நடை. நடுவுல மூணு கம்பம் சேந்தாப்புல இருட்டு. மனு போட்டாலும் லைட்டு எரிய எப்படியும் ஒரு மாசம் ஆவும். நீ சொல்லு."

இசைவாணி இருண்டு கிடந்த ஆறாவது, ஏழாவது, எட்டாவது கம்பங்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மாடிகளை, திறந்து கிடந்த கேட்டுகளை, கையில் தோசைக்கரண்டியோடு இன்னும் நிற்பவளை.

"அங்க தொண்டை கிழியக் கத்தினேன்மா" என்றாள். "இங்க நான் வாயே தொறக்கல." சிரிப்பும் அழுகையும் சேர்ந்தாற்போல் வந்தது அவளுக்கு. "சொல்லிடு. எனக்கு ரோட்டைப் பாத்த ரூம்பு."

"சார், நாங்க வர்றோம்" என்றாள் ஆரோக்கியசெல்வி. ஏழு ஐம்பத்தெட்டு.

"நல்லதும்மா. யாரு அங்க கை தட்டறாங்க?"

"நம்ம தெருக்காரங்க சார்."

கலைமதி கடையில் எண்ணெய் தடவி, கேட்காமலேயே ஆளுக்கொரு டீயும் கொடுத்தாள். மீதி மூன்று கம்பங்களுக்கும் சீனுவாசன் கூடவே வந்து டார்ச் பிடித்தார். பதினொன்றும் முடிந்த கையோடு, தன் பங்குக்குத் திங்கட்கிழமை பதினைந்து பேரோடு விழுப்புரம் வருவதாகச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரோக்கியசெல்வி கணவனுக்கு போன் போட்டாள். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். இடையில் இசைவாணி போனைப் பிடுங்கிக் கயிற்றுக் கதையைத் திருத்தினாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க ரெண்டு பேரையும் திருடிங்கன்னு..." என்று ஆரம்பித்தான் தேவசகாயம். கோபப்படுகிறானா என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆமாங்க. முப்பத்தி நாலு பேரு. மூணே நிமிசம்."

"மூணு நிமிசமா?"

"கடியாரத்தைப் பாத்துதான் சொல்றேன்."

மறுமுனையில் பெருமூச்சா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். "சரி. என் ரயிலு?"

"அஞ்சு அஞ்சுக்கு ஆர்ச்சுல முதல் பஸ். சீனுவாசன் ஐயா கிட்ட கேட்டுட்டேன். பாசஞ்சருக்குப் பத்து நிமிசம் முன்னாலயே உட்டுடுவான்."

"அதையும் கேட்டுட்டியா?" என்றான் தேவசகாயம். பிறகு, ஏற்கெனவே எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டவன் குரலில், "பீரோவைத் தூக்க நாலு ஆள் வேணும் செல்வி. நாளைக்கே சொல்லி வெக்கட்டுமா?" என்றான்.